கூரைக்குள் பதித்த விளக்கு: பல்பு மாற்றும் முன் கொஞ்சம் பாருங்கள்

(நமது திருப்பதி நிருபர்)

திருப்பதி பைராகிப்பட்டடையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மாடியில் குடியிருக்கிறது அந்தக் குடும்பம். சொந்த ஊர் ஆரணிப் பக்கம். குடும்பத் தலைவர் ஒரு தனியார் விடுதியில் கணக்கு எழுதுகிறார். வீடு பார்க்கப் போனபோதே ஹாலிலும் நடையிலும் ஜிப்சம் கூரை அடித்து, அதற்குள் வட்ட வட்டமாக எட்டு விளக்குகள் பதித்திருந்தார்கள். அந்த அழகில் மயங்கித்தான் முன்பணம் கொடுத்ததாக அவரே சொல்கிறார்.

இரண்டு கோடை கழிவதற்குள் எட்டில் ஐந்து அணைந்து விட்டது. ஹாலில் மூன்று, நடையில் இருந்த இரண்டும். "அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டார்கள். ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்த அவருடைய தாயார், வயது 72, நடைக் கோடியில் உள்ள ஒற்றைப் படியை இருட்டில் கவனிக்காமல் கால் வைத்து விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"பல்புக்கு நூறு ரூபாய் பார்த்தேன் சார். ஆஸ்பத்திரியில் எண்ணிக் கொடுக்கும்போது ஒன்றும் பேச முடியவில்லை" என்றார் அவர்.

மறுநாளே கடைக்கு ஓடினார். "வெளிச்சம் நல்லா வரணும், பெரிசா கொடுங்க" என்று கேட்டு 15 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்து வாங்கி வந்து மாட்டினார். நான்கு மாதத்தில் அவற்றில் மூன்று போய் விட்டன. கடைக்காரர் பில் கேட்டார். பில் குப்பைக்குப் போயிருந்தது.

இந்தக் கதை அவர் ஒருவருடையது மட்டுமல்ல. சித்தூரிலும் திருப்பதியிலும் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் பாதிக்கு மேல் இப்போது கூரைக்குள் விளக்குப் பதிக்கிறார்கள் என்று வயரிங் வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். கட்டுகிறவர் பதித்து விட்டுப் போய் விடுகிறார். மாற்றுகிற வேலை வாடகைக்கு வருகிறவர் தலையில் விழுகிறது. அதில் எத்தனையோ பேர் நம்மவர்கள்.

"பல்பைச் சூடுதான் கொல்லுது"

குடியாத்தத்திலிருந்து வந்து சித்தூரில் இருபது ஆண்டுகளாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் ஒருவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் பல்பைப் பார்க்கவே இல்லை. ஸ்டூல் மீது ஏறி, விளக்கின் கண்ணாடி மூடியைக் கழற்றி, கூரை ஓட்டைக்குள் கையை விட்டார்.

"நீங்களும் கையை விட்டுப் பாருங்க சார். மத்தியானம் மூணு மணி. மேலே நேரா மொட்டை மாடி. கான்கிரீட் காய்ஞ்சு கிடக்குது. கீழே ஜிப்சம். நடுவுல நாலு அங்குல இடம். அதுல தெர்மக்கோல் வேற அடைச்சிருக்காங்க. இந்தக் குடத்துக்குள்ள 15 வாட் பல்பை வெச்சு, கண்ணாடியும் போட்டு மூடினா அது எப்படிப் பிழைக்கும்? பல்பைச் சூடுதான் கொல்லுது."

எல்.இ.டி. பல்பு சூடாகாது என்று நாம் எல்லோரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மைதான். பழைய குண்டு பல்பின் இழை 2,000 டிகிரிக்கு மேல் காய்ந்து எரிவது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி கதிராக வெளியே போய் விடும், சுற்றிலும் காற்று கொஞ்சம் சூடாக இருந்தாலும் இழைக்குக் கவலை இல்லை. எல்.இ.டி.யில் முன்பக்கம் வெளிச்சம் வருகிறது, சூடு பின்பக்கம் வழியாக உடம்புக்குள் இறங்குகிறது. அங்கேதான் 230 வோல்ட் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னச் சர்க்யூட் இருக்கிறது. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் மெதுவாக உலர்ந்து போகும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்சாதனத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. திருப்பதிக் கோடையில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது என்றால், கூரை இடுக்கில் எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கும். நாளுக்கு 5 மணி நேரம் எரித்தால் 13 வருஷத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு காற்றோட்டமான இடத்துக்குப் போட்டது. அதே பெட்டியின் பக்கவாட்டில், முழுவதும் மூடிய விளக்குக் கூட்டுக்குள் பயன்படுத்த வேண்டாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பல பல்புகளில் காணலாம். அந்தப் பொடி எழுத்தைக் கடையில் நின்று யார் படிக்கிறார்கள்?

ஆகவே மூடிய குடத்துக்குள் வாட் கூடிய பல்பு போடாதீர்கள். 7 வாட் போதும், 9 வாட்டுக்கு மேல் வேண்டாம். கண்ணாடி மூடியைக் கழற்றி விட முடிந்தால் கழற்றி விடுங்கள். விளக்கின் முதுகில் தெர்மக்கோலோ பஞ்சோ கிடந்தால் ஒதுக்கித் தள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கூரையில் இருப்பது எது?

கடைக்குப் போய் "சீலிங் லைட் கொடுங்க" என்றால் எதையாவது கொடுப்பார்கள். நம் வீட்டில் இருப்பது எது என்று முதலில் தெரிய வேண்டும்.

கூட்டுக்குள் சாதாரண ஹோல்டர் இருந்தால் வேலை சுலபம். இரண்டு பின் வைத்து அழுத்தித் திருப்புவது ஒரு ரகம், அதை பி22 என்பார்கள். மறை போல் திருகுவது இன்னொரு ரகம், அது இ27. இரண்டும் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் சின்னக் கிண்ணம் போல் ஹாலோஜன் பல்பு இருக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதில் சில நேராக 230 வோல்ட்டில் எரிபவை. ஜியு10 என்று பெயர், பின்களின் நுனி தடித்திருக்கும். சில 12 வோல்ட்டில் எரிபவை. அவை எம்.ஆர்.16, பின்கள் ஊசி போல் மெல்லியவை, கூரைக்குள் ஒரு டிரான்ஸ்பார்மர் ஒளிந்திருக்கும். 12 வோல்ட் பல்பை எடுத்து 230 வோல்ட்டில் கொடுத்தால் அந்த நொடியே வெடிக்கும். சரியான 12 வோல்ட் எல்.இ.டி.யைப் போட்டாலும் சில நேரம் விட்டு விட்டு மினுக்கும். பழைய டிரான்ஸ்பார்மர் 20 வாட்டாவது சுமை இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். நாம் போடுவது 5 வாட். பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரான்ஸ்பார்மரையும் மாற்ற வேண்டும், அல்லது அதை எடுத்து விட்டு நேராக 230 வோல்ட் விளக்கே போட்டு விடலாம். இரண்டாவதுதான் மலிவு.

(நம் ரயில் பெட்டிகளில் எரிந்த பழைய பல்புகள் 110 வோல்ட். அதைக் கழற்றிக் கொண்டு போய் வீட்டில் மாட்டியவர்கள் 'டப்'பென்ற சத்தத்தைத்தான் கேட்டார்கள். வோல்ட் பார்க்காமல் பல்பு மாட்டுவது அன்று முதல் இன்று வரை ஒரே முடிவைத்தான் தருகிறது.)

ஆபீஸ்களிலும் சில வீடுகளிலும் வளைந்த குழாய் போன்ற சி.எப்.எல். குழல்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்றும்போது உள்ளே உள்ள சோக்கை என்ன செய்வது என்று எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும். உடைத்து விடாதீர்கள், உள்ளே கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்து விட்டால் ஜன்னலைத் திறந்து வைத்து, துடைப்பத்தால் பெருக்காமல் தடித்த அட்டையால் வழித்து எடுக்க வேண்டும்.

டிரைவர் போனால் விளக்கையே வீசாதீர்கள்

இப்போது அதிகம் இருப்பது 'பேனல் லைட்'. வட்டமாகவோ சதுரமாகவோ தட்டையாக இருக்கும். இதில் தனியாகப் பல்பு கிடையாது. விளக்கு அணைந்தால் தட்டு முழுவதையும் வாங்கச் சொல்வார்கள். பல நேரம் தட்டு நன்றாகவே இருக்கும். போயிருப்பது கூரைக்குள் வயரில் தொங்கும் தீப்பெட்டி போன்ற டிரைவர். அதை மட்டும் மாற்றினால் தட்டு விலையில் ஒரு பங்குதான் ஆகும்.

ஆனால் டிரைவரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. அதன் மேல் ஒட்டிய சீட்டில் வெளியீடு என்று ஒரு வரி இருக்கும். உதாரணமாக 24–40 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் என்று. புதிய டிரைவரின் மில்லி ஆம்பியர் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும், வோல்ட் எல்லையும் ஒத்துப் போக வேண்டும். மில்லி ஆம்பியர் கூடினால் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், கொஞ்ச நாளில் தட்டு கருகும். குறைந்தால் மங்கலாக எரியும், அதனால் ஆபத்தில்லை. பழைய டிரைவரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு கடைக்குப் போவதுதான் நல்ல வழி. எட்டு விளக்கு உள்ள வீட்டில் ஒரு டிரைவரை உபரியாக வாங்கி வைப்பவர் புத்திசாலி.

தட்டையே மாற்ற வேண்டி வந்தால் வெளி விளிம்பை அளக்காதீர்கள். கூரையில் உள்ள ஓட்டையின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக் கொள்ளுங்கள். கடையில் 'கட் அவுட்' என்று கேட்டால் புரிந்து கொள்வார்கள். ஒரே வாட் விளக்குக்குக் கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை அளவு மாறுகிறது. ஓட்டை சிறிதாக இருந்தால் ஜிப்சத்தை அறுத்துப் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் விளக்கு கையோடு வந்து விடும்.

கான்கிரீட் கூரையிலேயே பதித்த ஜங்ஷன் பெட்டிக்குள் உட்காரும் சின்ன விளக்குகளும் உண்டு. கூரை அடிக்க வசதியில்லாத வீடுகளுக்கு ஏற்றவை. அவற்றுக்கும் அளவு பார்ப்பதே முக்கியம்.

வாட்டை விட்டு லூமெனைப் பாருங்கள்

"60 வாட் பல்பு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாட் என்பது தின்னும் மின்சாரம், வெளிச்சத்தின் அளவு லூமென். பெட்டியில் இரண்டும் இருக்கும். இன்றைய எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 90, 100 லூமென் தருகிறது. சதுர அடிக்கு 20 லூமென் என்பது ஹாலுக்குப் பொதுவான கணக்கு. 10க்கு 12 அடி ஹால் என்றால் 2,400 லூமென். அதாவது ஆறேழு வாட்டில் நான்கு விளக்கு. சமையல் மேடைக்கு மேலும், பிள்ளைகள் படிக்கும் மேஜைக்கு மேலும் இதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும்.

அடுத்து நிறம். கடைப் பையன் "தெல்லதா, பசுப்பா?" என்று கேட்பான். அதற்கு எண் உண்டு. 6,500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. 3,000 என்றால் மஞ்சள். 4,000 நடுவில். நம்மவர்கள் பழக்கத்தில் 6,500 வாங்குகிறோம். ஆபீசுக்கு அது சரி. கூரையிலிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும் விளக்குக்கு, அதுவும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில், 4,000 இதமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஐப்பசி மழையில் ஈசல் பறந்து வரும்போது மஞ்சள் விளக்கைக் குறைவாகவே மொய்க்கும் என்பது உபரி லாபம். எதை வாங்கினாலும் ஒரு அறைக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே கம்பெனியில் வாங்குங்கள். இல்லாவிட்டால் கூரை ஒட்டுப் போட்ட வேட்டி போல் இருக்கும்.

நிறத்தை உள்ளபடி காட்டுவது வேறு விஷயம். அதை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் குறிப்பார்கள். 80க்குக் குறைந்தால் வாங்காதீர்கள். மட்டமான விளக்கில் அரிசியில் கல் தெரியாது, மாம்பழம் பழுத்ததா என்று தெரியாது. நகரி, புத்தூர் பக்கத்து விசைத்தறிக்காரர்களைக் கேட்டால் நூல் நிறம் விளக்குக்கு விளக்கு எப்படி ஏமாற்றும் என்று சொல்வார்கள். அவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துடிக்கும் விளக்கில் சுழலும் சக்கரம் நின்றது போலத் தோன்றும், கை வைத்து விடுவார்கள். செல்போன் காமிராவை விளக்குக்கு நேரே பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது. அதைக் கடையிலேயே எரியவிட்டுப் பார்த்து விடலாம்.

விலை இறங்கிய கதை

1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் நீல நிற எல்.இ.டி. பிரகாசமாக எரிந்த பிறகுதான் வெள்ளை வெளிச்சம் சாத்தியமாயிற்று. அதற்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு தொடக்கத்தில்தான் நம் பக்கத்துப் புதுச்சேரியில் மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் வீடுகளுக்கு எல்.இ.டி. பல்பு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது மொத்தக் கொள்முதலில் பல்பு ஒன்று 310 ரூபாய். அதே 2014 கடைசியில் ஆந்திராவின் சில மாவட்டங்களுக்குத் திட்டம் வந்தது. அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் அடித்த விசாகப்பட்டினத்தில் தெருவிளக்குகளையே எல்.இ.டி.யாக மாற்றினார்கள். 2015 ஜனவரியில் நாடு முழுவதற்குமாகி, பின்னர் 'உஜாலா' என்று பெயர் பெற்ற அத்திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் போயின. கொள்முதல் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2018 மார்ச்சுக்குள் ரயில் நிலையங்கள் எல்லாம் எல்.இ.டி.க்கு மாறி விட்டன.

விலை இறங்கியதும் போலியும் பெருகியது. ஆகவே பெட்டியில் இரண்டு குறிகளைப் பாருங்கள். ஒன்று ஐ.எஸ். 16102 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் கொண்ட தரக் குறி. பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வந்து விடும். மற்றொன்று நட்சத்திரச் சீட்டு. பல்புகளுக்கு அது 2018 முதல் கட்டாயம். இடி மின்னலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் உள்ள கிராமப்புறங்களில் 100–300 வோல்ட் தாங்கும் என்றும், 4 கே.வி. சர்ஜ் தாங்கும் என்றும் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. பில்லைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்து விடுங்கள். சென்னை பாரிமுனையில் பத்து ரூபாய் மலிவு என்று மூட்டையாக வாங்கி வருகிறவர்கள் உண்டு. கியாரண்டிக்காக மறுபடி அங்கே போகும் ரயில் செலவையும் அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.

மாட்டும்போது

சுவிட்சை அணைத்தால் போதும் என்று ஸ்டூல் ஏறாதீர்கள். பல வீடுகளில் வயரிங் தப்பாகி, சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும். அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் உயிரோடு இருக்கும். அந்த வீடுகளில் ஓர் அடையாளம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. இருட்டில் மின்மினி போல் மங்கலாக ஒளிரும். (சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் அப்படி ஒளிரும். அதற்காகப் பேய் ஓட்ட வேண்டாம்.) மெயினையே அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு கை வையுங்கள். விளக்குடன் வெளிச்சம் குறைக்கும் ரெகுலேட்டர் இருந்தால், அதற்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கும் பல்பை மட்டும் போடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய பழைய விளக்குகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் வைத்திருங்கள். காலி செய்யும்போது பழையதை மாட்டி விட்டு, உங்கள் விளக்கை நீங்கள் கொண்டு போகலாம். முன்பணம் திரும்ப வரும்போது பேச்சு வராது.

பைராகிப்பட்டடை வீட்டில் கடைசியில் என்ன ஆயிற்று? எலக்ட்ரீஷியன் கண்ணாடி மூடிகளைக் கழற்றினார், தெர்மக்கோலை ஒதுக்கினார். ஹாலில் ஆறு விளக்குக்கும் 7 வாட், 4,000 கெல்வின். ஆறும் சேர்ந்து 42 வாட். முன்காலத்து 50 வாட் ஹாலோஜன் ஆறு இருந்திருந்தால் 300 வாட். நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மாதம் 45 யூனிட்டுக்குப் பதில் 6 யூனிட் சொச்சம். நடைக்கு 3 வாட்டில் இரண்டு மஞ்சள் பல்பு. அதில் படிக்கு நேர் மேலே உள்ள ஒன்று இரவு முழுவதும் எரிகிறது. ஒன்பது மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒரு யூனிட்கூட ஆவதில்லை.

"முதலில் இதைப் போட்டிருக்கலாமேடா" என்றார் தாயார். கட்டுப் பிரித்தாகி விட்டது. வெளிச்சம் இருந்தும், அந்தப் படியில் இறங்கும்போது இன்னமும் இடது கையால் சுவரைப் பிடித்துக் கொள்கிறார்.